பெயின்டில் எழுதிய பூச்சியம்

என் தறிக்கொட்டிலின் சுவரில் ஒரு கறுப்புப் பலகை சாய்ந்து நிற்கிறது. ஒரு காலத்தில் அதில் இருபத்திரண்டு பெயர்கள் வெள்ளைப் பெயின்டில் எழுதப்பட்டிருந்தன. பாதிக்கு மேல் உரிந்துவிட்டன. பெயர்களுக்கு எதிரே சோக்கினால் எண்கள் எழுதிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. கடைசி வரியில் மட்டும், ‘செக்கரட்டரி’ என்ற சொல்லுக்கு எதிரே, பெயின்டிலேயே எழுதிய ஒரு பூச்சியம் அப்படியே இருக்கிறது. எழுதியவரும் அந்தச் செக்கரட்டரிதான். அவரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தி வெளியேற்றியவன் நான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் மருதமுனையில் எங்கள் தெருவுக்கு ஒரு வாசிகசாலை இருந்தது. பேருக்குத்தான் வாசிகசாலை. ஒரு பத்திரிகை வரும், அதையும் பாதிப்பேர் பிரிப்பதில்லை. உள்ளே இருந்த, காய் சுண்டி ஆடும் இரண்டு கரம் போட்டுகளுக்காகத்தான் எல்லோரும் வந்தார்கள். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து குந்தினால், பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பள்ளியில் வாங்கு சொல்லும் வரைக்கும் ஆட்டம். வாங்கு சொல்லிவிட்டால் காய் எங்கே நின்றாலும் கை எடுத்துவிட வேண்டும். அந்த நேரம் யாருக்குப் புள்ளி கூடவோ அவருக்கே வெற்றி. நெசவுக்காரர், கரைவலை இழுப்பவர்கள், இரண்டு பள்ளிக்கூட மாஸ்டர்மார் என்று எல்லோரும் சேர்ந்து நடத்திய இடம் அது. தபால் கந்தோரில் வேலை செய்த ஒருவரைச் செக்கரட்டரி ஆக்கியிருந்தோம். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. நாள் முழுக்க தறியில் நூலைத் தொட்டுத் தொட்டு விரல் நுனியில் கண் முளைத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். என்னை வெல்ல ஆளில்லை. கரைவலைக்காரர்களின் விரல்களோ கயிற்றிலும் உப்புத்தண்ணீரிலும் வெடித்துப் போயிருக்கும். ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் அது ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். தோற்றுத் தோற்று அவர்கள் ஒவ்வொருவராக வராமல் விட்டார்கள். அப்போதுதான் செக்கரட்டரி அந்தப் பலகையை அடித்துக்கொண்டு வந்தார். ஆட்டம் இருபத்தொன்பது புள்ளிக்கு. பலம் குறைந்தவருக்குத் தொடங்கும்போதே சில புள்ளிகள் இனாம். யாருக்கு எத்தனை என்று இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வென்றதையும் தோற்றதையும் பார்த்து அவர் சோக்கால் மாற்றி எழுதுவார். எனக்குப் பூச்சியம்.

கரைவலைக்காரர்கள் திரும்பி வந்தார்கள், உண்மை. ஆனால் ஒருவருக்கும் திருப்தியில்லை. நாலு புள்ளி வாங்கியவர் ஆறு கேட்டார். ஆறு வாங்கியவர், தன்னைச் சின்னப்பிள்ளையாக்கிவிட்டதாகக் கோபித்தார். முத்திரை வாங்கப் போனவர்கள் கந்தோர் ஜன்னலுக்குள் தலையை விட்டு முறைப்பாட்டையும் சொல்லிவிட்டு வந்தார்கள். ஒரு மாஸ்டர் தன் இரண்டு புள்ளியை மூன்றாக்கச் சொல்லி முழுத்தாளில் மனு எழுதிக் கொடுத்தார். செக்கரட்டரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். “எல்லாருக்கும் வெல்லத்தான் ஆச. நாளைக்கும் விளையாட ஆள் இரிக்கணும் எண்டு நான் பாக்கன், தம்பி” என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். எனக்கு அது பிடிபடவில்லை. நாளைய ஆட்டம் எனக்கு எதற்கு, இன்றைய ஆட்டத்தில் வெல்ல வேண்டும்.

அவரும் ஆள் குறைகிற நாட்களில் ஆடுவார். மகா மோசமான ஆட்டக்காரர். ஒவ்வொரு தடவையும் தோற்பார், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். பலகையில் அவருக்கு என்ன எண் போட்டிருக்கிறது என்று ஒருவரும் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் எங்கள் வரியையும், எங்களோடு ஆடுபவனின் வரியையும்தான்.

ஒரு நோன்பு மாதத்தில் போட்டி வைத்தோம். கடைசி ஆட்டம் எனக்கும் செக்கரட்டரியின் மச்சானுக்கும். அவர் மனைவியின் தம்பி, கரைவலைக்காரர், எட்டுப் புள்ளி இனாம் வாங்குபவர். நோன்புக் களைப்பில் எனக்குக் குறி தப்பிக்கொண்டே இருந்தது. அந்த மனிதர் அன்று பொறுமையாக, ஒவ்வொரு காயாக ஆடினார். நான் இருபத்தாறு, அவர் இருபத்தேழு. ராணிக்காய் குழி வாசலில் நிற்கிறது, சுண்டப்போவது நான். வாங்கு சொல்லிவிட்டது.

எல்லோரும் பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள். நான் நோன்பு திறக்கும் முன் வாயைத் திறந்தேன். “மச்சானுக்கு எட்டு, எங்களுக்கு முட்ட. இதுதான் உங்கட நீதியா? வெட்கமில்லியா உங்களுக்கு?” என்று கத்தினேன். செக்கரட்டரி கையில் வைத்திருந்த பழத்தைத் தின்னாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெருநாள் முடிந்து, ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம் போட்டு, இனாம் புள்ளி வேண்டாம் என்று கை உயர்த்த வைத்தேன். எட்டுக்காரனும் ஆறுக்காரனும்கூட என் பேச்சில் மயங்கிக் கை தூக்கினார்கள். செக்கரட்டரி எழும்பிப் பலகைக்குப் போனார். சட்டைக் கையால் சோக் எண்களை மேலிருந்து கீழாகத் துடைத்தார், வாசிகசாலைக் கதவின் திறப்பை மேசையில் வைத்தார், போய்விட்டார்.

அதன்பின் இரண்டு மாதம் நான் ராசா. பிறகு கரைவலைக்காரர்கள் வராமல் நின்றார்கள், மாஸ்டர்மார் நின்றார்கள். கடைசியில் நானும் இன்னொரு நெசவுக்காரனும் எதிரெதிரே குந்தி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அலுத்து, அதையும் விட்டோம். கட்டடத்தை வேறு தேவைக்கு எடுத்தபோது, கொட்டிலுக்குள் சாரல் அடிக்கும் ஓட்டையை அடைக்க அந்தப் பலகையைக் கொண்டுவந்தேன். செக்கரட்டரியைத் தெருவில் கண்டால் ஸலாம் சொல்வேன், அவரும் பதில் சொல்வார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் நினைப்பேன். அடுத்த பெருநாளுக்குப் பார்க்கலாம் என்று விடுவேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்து மௌத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் அதே மச்சான் எழுந்து நின்று, வழக்கப்படி கேட்டார். “எங்கட மச்சான் ஆருக்கும் ஏதும் பிழ செஞ்சிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க.” பள்ளி நிறைந்த சனம் ஒரே குரலில் “பொறுத்தோம்” என்றது. நானும் சொன்னேன். சொன்ன பிறகுதான் நாக்குச் சுட்டது. எனக்கு ஒரு பிழையும் செய்யாத மனிதரை, சபைக்கு நடுவில் நின்று, நான் மன்னித்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்து மச்சானிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் வெடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நானும்தானே கை தூக்கின. ஒண்டு சொல்லவா? எனக்குப் பத்துப் போடணுமாம் கணக்குப்படி. மச்சான் எண்டதால ரெண்டக் குறைச்சவரு. தனக்கு ஒண்டுமே போட்டுக்கல்ல. கணக்குப் போடுறவன் தனக்குப் போடப்படா எண்டு சொல்லுவாரு.” பிறகு, “இத நீங்க அவருக்கிட்டச் சொல்லியிருக்கணும். எனக்கிட்டச் சொல்லி என்ன” என்றார்.

வீட்டுக்கு வந்து பலகையை ஓட்டையிலிருந்து கழற்றித் திருப்பினேன். சோக் எண்கள் இருந்த இடம் மேலிருந்து கீழாக வெறுமையாகக் கிடந்தது. கடைசி வரியில், ‘செக்கரட்டரி’க்கு எதிரே, பூச்சியம் மட்டும் அழியவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் மாறும் என்பதால் சோக். தனக்கு ஒருநாளும் மாற்றப்போவதில்லை என்பதால் பெயின்ட். ஓட்டைக்கு வேறு தகரம் அடித்துவிட்டேன். இப்போதும் சில நாள் அசர் தொழுதுவிட்டு வந்து அந்தப் பூச்சியத்துக்கு முன்னால் குந்துகிறேன். மஃரிபுக்கு வாங்கு சொல்கிறது, எழும்பிப் போகிறேன். கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை.