மாதக் கடைசியில் ஏற்றிய டீசல்

காலை 5.10. வவுனியாவில் பஸ் ஏறினேன். திருகோணமலைக்கு நானூற்று இருபது ரூபாய். தொண்ணூற்றைந்து கிலோமீற்றர்தான்; ஆனால் ஹொரவப்பொத்தானையில் நிறுத்தி, சாரதி தேநீர் குடித்து, கொண்டக்டரோடு ஊர்க்கதை எல்லாம் கதைத்து முடிப்பதற்குள் என் முதுகு மூன்று இடத்தில் பிடித்துக்கொண்டது. அறுபது வயதில் வியாபாரம் தொடங்கப் போகிறவனுக்கு இதெல்லாம் தேவைதான்.

மொத்த டீசல் விநியோகத்தில் இலாபம் வருமா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். நீர்ப்பாசன அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து கிடைத்த ஓய்வுப் பணம் வங்கியில் கிடக்கிறது. மூதூரில் ஜவாஹிர் நானா ஒரு பவுசர், அதாவது எண்ணெய் தாங்கி லொறி, வைத்துக்கொண்டு, அரிசி ஆலைகளுக்கும் மீன்பிடி வள்ளங்களுக்கும் அறுவடை இயந்திரங்களுக்கும் டீசல் கொடுக்கிறார். இரண்டாவது பவுசர் வாங்கப் பங்காளி தேடினார். எங்கள் அலுவலகத்துக்கு டீசல் தந்த காலம் முதல் பழக்கம்; என்னை இன்னும் 'கிளாக்கர்' என்றுதான் கூப்பிடுவார். நாள் குறித்தது நான்தான். மாதக் கடைசியில் கிளினிக்கும் இல்லை, வேறு சோலியும் இல்லை.

புறப்படும்போது மனைவி கேற்றடியில் நின்று, "இஞ்சாருங்கோ, வடிவாப் பாத்திட்டு வாங்கோ. இந்தக் காசு போச்செண்டா எங்களுக்கு வேற ஒண்டுமில்லை," என்றாள்.

காலை 8.50. திருகோணமலையில் ஒரு பிளேன்டீ, ஐம்பது ரூபாய். மூதூர் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு கிண்ணியா மீன் வியாபாரி. சீனக்குடாவைத் தாண்டும்போது, மரங்களுக்கிடையே தெரிந்த பழைய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்தபடி நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"எண்ணெய் இல்லாம வள்ளமும் போகாது, உழவும் நடக்காது. விக்கிறவனுக்கு என்ன குறை?" என்றார்.

அதைக் கேட்டதும் முதுகுவலி கொஞ்சம் குறைந்தது போலிருந்தது.

காலை 10.30. நானாவின் வீட்டு வாசலில் பவுசர் நின்றது. கழுவித் துடைத்திருந்தார்கள். ஆறாயிரத்து அறுநூறு லீற்றர். நானா அதன் வயிற்றில் உள்ளங்கையால் தட்டிக் காட்டினார்.

"பாருங்க கிளாக்கர், கழுத்து மட்டும் நிறைஞ்சிரிக்கி!"

நான் கொப்பியை விரித்தேன். ஒரு லீற்றருக்கு இவ்வளவு கொமிஷன், மாதத்துக்கு இத்தனை நடை, சாரதி சம்பளம், டயர் தேய்மானம். இலாபம் தாளில் நன்றாகவே வந்தது. ஆனால் வாசலில் நின்ற பவுசர் அசையவில்லை. மாதக் கடைசி நாள்; அன்று இரவு அரசாங்கம் டீசல் விலையை மாற்றும். குறையும் என்று ஊரெல்லாம் கதை. நானா கூப்பிட்ட ஆலைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "நாளைக்குப் பாப்பம் நானா." வெயிலில் இறங்குதுறை வரை போனோம். வள்ளக்காரர்கள் கேனின் அடியில் கிடந்ததை ஆட்டிப் பார்த்து, "இண்டைக்கு இது காணும்," என்றார்கள். நானாவின் வீட்டில் இறால் கறியோடு சோறு தந்தார்கள். சாப்பிட்டுக் கதிரையில் சாய்ந்தவன் அப்படியே உறங்கிவிட்டேன். பொழுதுபடும்வரை ஒரு சொட்டு டீசலும் இறங்கவில்லை.

மறுநாள் காலை 6.30. நானா கைபேசியைப் பார்த்துச் சொன்னார், "எட்டு ரூபா குறைஞ்சிரிக்கி."

என் கை தானாகவே பெருக்கியது. ஐம்பத்திரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். படுத்து எழும்புவதற்குள் போய்விட்டது. மாதாமாதம் இப்படி என்றால் என் காசு எத்தனை மாதம் தாங்கும்?

"கோவிக்காதீங்கோ நானா. எனக்கு இது ஏலாது," என்றேன்.

நானா கைபேசியைக் கீழே வைத்தார். பிறகு பிட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "ஓம், யோசிச்சுத்தான் செய்யணும். சாப்பிடுங்க, ஆறப்போகுது."

காலை 7.30. இப்போது நானாவின் கைபேசி ஓயாமல் அடித்தது. கிண்ணியா ஆலைக்குப் புறப்பட்ட பவுசரிலேயே என்னையும் ஏற்றிவிட்டார்கள். சாரதி சிவா ஐந்து கிலோமீற்றரும் தெருவைப் பார்த்தே ஓட்டினான். நான்தான் தொடங்கினேன்.

"ஒவ்வொரு மாசமும் இப்பிடி நட்டப்பட்டா மனுசன் எப்பிடித் தாங்கிறது, தம்பி?"

"ஆர் ஐயா சொன்னது?" சிவா சட்டென்று திரும்பினான். "நாங்கள் மாசக் கடைசியில ஏத்திறேல்லை. இருபத்தெட்டாந் தேதியோட பவுசரை வெறுமையாக்கி, டயர் பாக்கிறது, ஒயில் மாத்திறது. விலை மாறின பிறகுதான் டிப்போவுக்குப் போவம். நானா இந்த யாவாரத்தில நிக்கிறதே அதாலதான்."

"அப்ப நேற்று?"

"நீங்கள் வாறியள் எண்டுதான். 'கிளாக்கர் அவ்வளவு தூரத்தில இருந்து வாறார், பவுசர் வெறுமையா நிண்டா என்ன நினைப்பார்' எண்டு ஏத்த வைச்சவர். நான் வேண்டாம் எண்டு சொன்னனான்."

"வேற நாள் வரச் சொல்லியிருக்கலாமே!"

"வாறன் எண்டு சொன்ன ஆளை வராதையுங்கோ எண்டு சொல்லுவாரோ, ஐயா?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொப்பியில் எல்லாம் எழுதினேன். எந்த நாளில் ஏற்றுவது என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலை 8.20. கிண்ணியாவில் இறங்கிய உடனே நானாவுக்கு எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். பத்தாந் தேதி வாறேன், காசோடு வாறேன் என்றேன்.

நானா சிரித்தார். கோபச் சிரிப்பு இல்லை, களைத்த சிரிப்பு. "வாங்க கிளாக்கர், எப்பவும் வாங்க. சோறு இரிக்கி. காசு கொண்டு வராதீங்க. விலை ஏறுறதும் இறங்குறதும் எனக்குப் பழக்கம். மாசாமாசம் உங்கட பயந்த முகத்தைப் பாத்துப் பயப்பிட எனக்கு ஏலாது."

திருகோணமலையில் ஏறிய வவுனியா பஸ்ஸில் யன்னலோர இருக்கை கிடைத்தது. கந்தளாய்ப் பக்கம் போகும் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோயின. மனைவி எடுத்தாள்.

"என்னப்பா, காசு தப்பிச்சுதோ?"

"ஓம், தப்பிச்சுது," என்றேன். கொப்பியை மடித்துப் பையின் அடியில் வைத்தேன்.