பங்காளிக் கல்லூரி

மூன்று வாரம் முன்பு தாராவியிலிருந்து ஒரு போன். காஜா பாய். தோல் பை செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். என் ஹேண்ட்பேக்கின் ஜிப் பிய்ந்தபோது அறிமுகம். இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர் என்பது அப்புறம் தெரிந்தது. மும்பையில் தமிழில் எழுதுகிறவளுக்கு அப்படி ஒருவர் கிடைத்தால் விட முடியுமா? அன்றிலிருந்து என் வீட்டில் எந்தப் பை கிழிந்தாலும் அவரிடம்தான்.

"மேடம், ஒரு இங்கிலீஷ் பாரம் இருக்கு. தமிழ்ல எழுதித் தரணும்."

மகள் ரிஸ்வானாவின் கல்லூரி கொடுத்த சம்மதப் படிவம். செம்பூரில் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ், இரண்டு வருடம் முடித்திருக்கிறாள். நல்ல மார்க். நான் கேட்டேன் — அவளே படித்துச் சொல்ல மாட்டாளா?

"சொல்லுவா. ஆனா அவளுக்குப் போகணும்னு ஆசை. அவ சொல்லுதது அவ ஆசைப்படுத மாதிரிதான இருக்கும்? நடுவுல ஒரு ஆளு வேணும்."

சரிதான். நடுவில் நிற்க நான் தயார். முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவள். மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு என்ன பெரிய தூரம்? கிளம்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். மூணு ப்ளஸ் ரெண்டு என்று ஒரு திட்டம். மூன்று வருடம் செம்பூரில் ஃபிசிக்ஸ். அடுத்த இரண்டு வருடம் பெங்களூருப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் என்ஜினியரிங். ஐந்தே வருடத்தில் இரண்டு பட்டம். தனித்தனியாகப் படித்தால் ஆறு, ஏழு வருடம் ஆகும். இந்தக் கல்லூரியும் அந்தப் பல்கலைக்கழகமும் பார்ட்னர்கள். அப்பா கையெழுத்துப் போட்டால் ரிஸ்வானா திட்டத்தில் சேர்ந்துவிடலாம். போடாவிட்டால் மற்றவர்களைப் போல வெறும் பி.எஸ்ஸி.

ரிஸ்வானா என் எதிரில் உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தடுமாறுவாள். நான் என்ன எழுதுகிறேன் என்று தெரியாத தவிப்பு. நான் எழுதினேன்: 'மேற்கூறிய பங்காளி நிறுவனத்துக்கு என் மகளை அனுப்பச் சம்மதிக்கிறேன்.' பார்ட்னர் என்றால் பங்கு உள்ளவர்... பங்காளி. நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

காஜா பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். இரண்டாவது வரியில் நின்றார்.

"மேடம், பங்காளி வீட்டுக்கு எவனாவது பிள்ளைய அனுப்புவானா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். கடையநல்லூர்ப் பக்கம் அவருடைய சொந்த ஊரில், பங்காளி வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் யாருடையது என்று இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாணப் பத்திரிகை மட்டும் தபாலில் வரும்.

"ஐயோ, அந்தப் பங்காளி இல்லை பாய். கூட்டாளின்னு வெச்சுக்கோங்க," என்று அடித்து மாற்றினேன்.

"கூட்டாளின்னா இன்னும் மோசம்லா மேடம்."

மாஹிமில் ஒருவரோடு சேர்ந்து முன்பு தொழில் செய்தாராம். தோலை வெட்டிக் கொடுப்பது இவர், தைப்பது அவர். ஏதோ வாய்த்தகராறு. ஒரு நாள் இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள். வெட்டிய தோல் அங்கே மாட்டிக்கொண்டது. ஜிப், பக்கிள் எல்லாம் இங்கே.

"அது பையும் இல்ல, தோலும் இல்ல. ஒருத்தனும் வாங்க மாட்டான். அதத்தான் கேக்கேன். இவ மூணு வருசம் இங்க, ரெண்டு வருசம் அங்க. நடுவுல அவ்வோ ரெண்டு பேரும் பிரிஞ்சா, இவ என்ன ஆவா?"

ரிஸ்வானாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அரே வாப்பா, இது காலேஜ். ஒங்க தோல் பை கார்கானா இல்ல. ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க."

நானும் சொன்னேன். கல்லூரிகள் எல்லாம் அப்படிச் சுவருக்குச் சண்டை போடாது பாய், கவலைப்படாதீங்க என்று. குழந்தைக்குச் சொல்கிற குரலில் சொன்னேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சனிக்கிழமை கல்லூரியில் பெற்றோர் கூட்டம். மூவரும் போனோம். ஏசி ஹால். நாற்காலிக்கு நாற்காலி தண்ணீர் பாட்டில். திரையில் இரண்டு பெரியவர்கள் கைகுலுக்கும் போட்டோ. திட்டப் பொறுப்பாளர் இளைஞர், அழகாகப் பேசினார். இங்கேயிருந்து அங்கே மாறுவது 'சீம்லெஸ்' என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டார்.

காஜா பாய் என் பக்கம் குனிந்தார். "சீம்லெஸ்னா?"

"தையல் தெரியாம சேர்ந்திருக்குன்னு அர்த்தம்."

அவர் தன் சட்டைக் கையின் தையலைத் தடவிப் பார்த்தார். "தையல் இல்லாம ரெண்டு துண்டு எப்படிம்மா சேரும்?"

நான் உஷ் என்றேன்.

கேள்வி நேரம் வந்தது. வேலை வாய்ப்பு எப்படி? மெஸ்ஸில் வெங்காயம், பூண்டு இல்லாத சாப்பாடு உண்டா? கணபதி விழாவுக்கு லீவு கிடைக்குமா? ஹாஸ்டலில் வைஃபை? பொறுப்பாளர் எல்லாவற்றுக்கும் புன்னகையோடு பதில் சொன்னார். அப்போது பக்கத்து நாற்காலி காலியானது. காஜா பாய் எழுந்து நின்றுகொண்டிருந்தார். நம் ஊர் பம்பாய் இந்தியில் கேட்டார்.

"பார்ட்னர் அலக் ஹோ கயா தோ, மேரி பச்சி கிஸ்கி?"

பார்ட்னர்கள் பிரிந்துவிட்டால் என் பெண் யாருடையவள்? ஹால் சிரித்தது. டைவர்ஸ் கேஸ் மாதிரி இருக்கிறதே என்று பின்னால் ஒரு குரல். ரிஸ்வானா போனுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். நான்? நான் ஏசியைப் பார்த்தேன். அவரோடு வந்தவள் இல்லை என்பது போல, மிகுந்த அக்கறையோடு ஏசியைப் பார்த்தேன்.

"ஐஸா குச் நஹீ ஹோகா, அங்கிள்," என்றார் பொறுப்பாளர். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது.

காஜா பாய் உட்காரவில்லை. "நஹீ ஹோகா தோ லிக்கே தே தோ."

நடக்காது என்றால் எழுதிக் கொடுங்கள். அவ்வளவுதான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

சிரிப்பு மெல்ல நின்றது. முன்வரிசையில் சி.ஏ. மாதிரி இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பொறுப்பாளர் ஃபைலைப் புரட்டினார். ஐந்து வருடம். அதில் எத்தனை முடிந்தது? மறுபடியும் புரட்டினார். மூன்று.

கணக்கு சின்னதுதான். மீதி இரண்டு. ரிஸ்வானா மூன்றாவது வருடத்தை இங்கே முடிப்பாள், நான்காவது வருடம் அங்கே. ஐந்தாவது வருடம் படிக்கும்போது ஒப்பந்தம் என்று ஒன்றே இருக்காது.

"ரின்யூ ஆயிடும்," என்றார் பொறுப்பாளர்.

"ஆகாவிட்டால் பி.எஸ்ஸி.யாவது கையில் இருக்குமா?" என்றார் அந்த முன்வரிசைக்காரர்.

இருக்காதாம். மூன்றாவது வருடத்தின் கடைசிப் பேப்பர்கள் சில பெங்களூருக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. இரண்டு பட்டமும் ஐந்தாம் வருட முடிவில்தான். பொறுப்பாளரே அதைச் சொல்லும்போது முதல் தடவையாகக் கேட்பவர் போலத்தான் இருந்தார்.

அந்த வரியைத் தமிழில் எழுதியதே நான்தான். 'இரு பட்டங்களும் ஐந்தாம் ஆண்டின் நிறைவில் வழங்கப்படும்.' என்ன ஓசை நயம். 'நிறைவில்' போடுவதா, 'முடிவில்' போடுவதா என்று யோசித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு அந்த வரி என்ன சொல்கிறது என்று யோசித்திருக்கலாம். நாலு வருடம் படித்த பெண் கையில் ஒரு பட்டமும் இல்லாமல் ரயில் ஏறித் திரும்பி வரலாம் — அதைத்தான் அது சொல்கிறது.

உங்களிடம் சொல்வதற்கென்ன... என் மகனும் இப்படி ஒரு திட்டத்தில் போனவன்தான். ஒரு வருடத்தை மிச்சம் பிடிக்கிற துரிதப் படிப்பு. அந்தப் படிவத்தில் நான் எங்கே கையெழுத்துப் போட்டேன் தெரியுமா? சமையல் மேடையில், குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கும்போது. ஊரார் பாலிசியின் பொடி எழுத்தையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள், பெற்ற பிள்ளையின் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும்தான் பார்த்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, படிப்பு முடிந்தது. மிச்சமான ஒரு வருடத்தை என்ன செய்தாய் என்று கேட்டால், தூங்கினேன் என்கிறான்.

ஏன் கேட்கவில்லை? கேட்டால் விவரம் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். கொஞ்சம் படித்துவிட்டால் இந்த வியாதி வந்துவிடுகிறது. புரியாத இடத்தில் தலையை ஆட்டக் கற்றுக்கொள்கிறோம். அதற்குப் பிறகு புரிந்த இடத்திலும் தலைதான் ஆடுகிறது, வாய் திறப்பதில்லை. மெஸ்ஸில் பூண்டு உண்டா என்று மட்டும் தைரியமாகக் கேட்போம். காஜா பாய்க்கு அந்தப் பயம் இல்லை. பார்ட்னர் என்றால் அவருக்கு, ஒரு நாள் பிரியக்கூடியவர். எங்களுக்கெல்லாம் அது ஒரு லோகோ.

திரும்பும்போது டாக்ஸியில் ரிஸ்வானா வெடித்தாள். "எல்லாரும் ஹஸ் ரஹே தே, வாப்பா. அப்படிச் சிரிச்சாங்க. திங்கக்கிழமை நான் க்ளாஸ்ல எப்படி மூஞ்சி காட்டுவேன்? இனிமே என்னையே லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்கன்னா?"

சயான் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் காஜா பாய் பேசினார்.

"நீ போறதுக்கு நான் பயப்படல. போ. நல்லாப் படி. பாதியில நின்னு திரும்பி வந்தேன்னு வையி, ஒன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்க? அதாம் எனக்குப் பயம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா தெரியாது. நான் பார்க்கவில்லை... பார்க்கக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் எட்டு நாள் பேசிக்கொள்ளவில்லை என்று கேள்வி. கல்லூரியிலிருந்தும் பேச்சில்லை. திட்டத்தையே கைவிட்டுவிடுவார்களோ, அந்தப் பழி காஜா பாய் தலையில் விழுமோ என்று எனக்கே உதைப்பாக இருந்தது.

ஒன்பதாம் நாள் ரிஸ்வானா கூப்பிட்டாள். "ஆன்ட்டி, வர்றீங்களா? ஒரு பேப்பர் வந்திருக்கு."

படிவத்தோடு புதிதாக ஒரு தாள் சேர்த்திருந்தார்கள். பிரின்ஸிபல் கையெழுத்து, முத்திரை. ஒப்பந்தம் எந்தக் காரணத்தால் முடிந்தாலும், அதற்குள் சேர்ந்துவிட்ட மாணவர்கள் ஐந்தாவது வருடம் வரை அங்கேயே படித்து முடிக்கலாம். அங்கே முடியாவிட்டால், விட்டுப்போன பேப்பர்களை இங்கே நடத்தி பி.எஸ்ஸி. கொடுப்போம். இரண்டு நிறுவனமும் ஒப்புக்கொண்டிருந்தன. ரிஸ்வானாவுக்கு மட்டும் இல்லை, திட்டத்தில் சேரும் எல்லோருக்கும். வகுப்பில் அந்த நிபந்தனைக்கு 'அங்கிள் க்ளாஸ்' — அங்கிள் ஷரத்து — என்று பெயராம்.

இந்தத் தடவை மூன்று முறை படித்தேன். ஓசை நயம் பார்க்கவில்லை. தமிழில் எழுதிக் கொடுத்தேன். காஜா பாய் இன்னும் மெதுவாகப் படித்தார். 'எந்தக் காரணத்தால்' என்ற இடத்தில் விரலை வைத்து, "சண்டையும் இதுல வருமா?" என்றார். வரும் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

ரிஸ்வானா அந்தத் தாளை எடுத்து, பிளாஸ்டிக் ஃபைலில் மடங்காமல் வைத்தாள். வைத்துவிட்டு, ஃபைலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வாப்பா, வர்ற சனிக்கிழமை ஹாஸ்டல் மீட்டிங். பெங்களூர்லேர்ந்து வார்டன் வர்றாங்க. நான் மூணு கேள்வி எழுதி வெச்சிருக்கேன். நீங்க வந்து கேளுங்க."

காஜா பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம், "மேடத்தையும் கூப்பிடுவோமா?" என்றார்.

"ஆன்ட்டி எதுக்கு வாப்பா? அவங்க ஒண்ணுமே கேக்க மாட்டாங்க."

உண்மைதானே. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.