ஐம்பது குழிக் கட்டை

லைல் எங்கன் சின்ன டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் தோட்டாக் கூடுகளுக்குள் எட்டிப் பார்ப்பார். அவர் மகள் மாரித் நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்த காட்சி. கார் ஷெட் மேசைமேல் ஐம்பது குழி போட்ட மரக்கட்டை. குழிக்கு ஒன்றாக, முன்பே சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகள். ஒவ்வொன்றிலும் அவர் புதிதாக நிறுத்துப் போட்ட வெடிமருந்து. குண்டை வைத்து மூடுவதற்கு முன் வரிசை வரிசையாகப் பார்ப்பார். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அந்த ரிவால்வர் தோட்டாவுக்குப் பாதிக் கூடுகூட மருந்து தேவையில்லை. கை தவறி ஒன்றில் இரண்டு முறை விழுந்தாலும் வழியாது; சுடும்போது துப்பாக்கியே பிளந்துவிடும். மூடிவிட்டால் வெளியிலிருந்து எதுவும் தெரியாது. அதனால் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பார்த்து முடித்ததும் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்துவார். "இன்னொரு கண்ணு வேணும்!"

முதலில் அந்தக் கண் மாரித்தின் அம்மாவுடையது. துப்பாக்கியைத் தொட்டே அறியாதவள், ரொட்டி மாவு அப்பிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்து, "சரி" என்று சொல்லிவிட்டுப் போவாள். புற்றுநோய் அவளைக் கொண்டுபோனபோது மாரித்துக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து அது மாரித்தின் வேலை. தோட்டாப் பெட்டியின் மூடியில் ஒட்டும் சீட்டில் தேதி, மருந்தின் பெயர், எடை. கடைசியில் பார்த்த இருவரின் முதல் எழுத்து: எல், எம்.

மொன்டானாவின் அந்தப் பக்கத்தில், ஒருவர் வீட்டில் நிரப்பிய தோட்டாவை இன்னொருவர் சுடமாட்டார். அடுத்தவர் பல் பிரஷ்ஷைக் கடன் கேட்பது போன்ற காரியம். ராய்ஸ் டன்னிகன் மட்டும் அந்தக் கூச்சம் இல்லாமல் லைலின் தோட்டாக்களைச் சுடுவார். பள்ளி பஸ் ஓட்டுபவர், லைலின் பள்ளிக்காலத்து நண்பர்.

"உன்னை நம்பி இல்லடா. அந்த ரெண்டாவது எழுத்தை நம்பித்தான் சுடறேன்" என்பார்.

"ஓசித் தோட்டாவுல நொட்டை வேறயா?" என்பார் லைல்.

மாரித் மிசூலாவுக்குப் படிக்கப் போனாள். எங்கன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அறைத்தோழிகளிடம் அப்பா மெக்கானிக் என்று சொன்னாள். கார் ஷெட்டில் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லவில்லை. அவரைப் பற்றித்தான் வெட்கமா, அல்லது வெட்கப்படுகிற தன்னைப் பற்றியா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை லைல் போன் செய்தார்.

"கண்ணு, அம்பது கூடு ரெடியா நிக்குது. பார்க்க ஆள் இல்ல."

"நீ பார்த்தல்லப்பா?"

"பார்த்தேன். இடது கண்ணுல புகை மாதிரி ஒண்ணு மறைக்குது. வர்ற வாரம் நீ வருவியான்னு..."

"அதுக்காக முந்நூறு கிலோமீட்டர் வரணுமாப்பா? போட்டோ எடுத்து அனுப்பு, பார்க்கறேன்."

அனுப்பினார். ஐந்து படம், வரிசைக்கு ஒன்று. மாரித் அப்போது தோழிகளோடு பீட்சாக் கடையில் இருந்தாள். யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படங்களைத் திறக்காமலே 'சரி' என்று அடித்து அனுப்பினாள்.

மறுநாள், ஊர்க்காரர்கள் சுட்டுப் பழகும் கல்குவாரியில் ராய்ஸ் கையிலிருந்த ரிவால்வர் வெடித்துப் பிளந்தது. பறந்த உலோகத் துண்டு பாதுகாப்புக் கண்ணாடியைத் தாண்டி வலது கண்ணில் இறங்கியது. கண் போனது. பஸ் ஓட்டும் உரிமமும் போனது.

அன்றிரவுதான் மாரித் படங்களைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்றாவது வரிசை, நான்காவது கூடு. மருந்து விளிம்புவரை ஏறி நின்றது. ஒரு நொடிகூட வேண்டாம், கண்ணில் அறைந்தது.

லைல் அவளிடம் எதுவுமே கேட்கவில்லை. அடுத்த தடவை வீட்டுக்குப் போனபோது மேசை காலியாக இருந்தது. "பார்த்தியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள். அவர் சூப்பைச் சூடாக்கி வைத்து, "பரீட்சை எப்படி?" என்றார்.

ஒன்றரை வருடம் கழித்து, பட்டறையில் டிரக்குக்கு அடியில் படுத்திருந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் பன்றி இறைச்சி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ராய்ஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கண்ணு போனதுக்கு உங்கப்பன் மேல கோவமில்லம்மா. கை தவறும், யாருக்கும் தவறும். ஆனா நீ மிசூலால இருந்த. பார்க்க ஆளே இல்லாம உன் எழுத்தப் போட்டு எங்கிட்ட குடுத்தான் பாரு, அதுதான் ஜீரணிக்க முடியல. ஆஸ்பத்திரியில கேட்டேன், நிஜமா யாராவது பார்த்தாங்களாடான்னு. 'ஒரு நாள் சொல்றேன் ராய்ஸ்'ன்னான். சொல்லாமலே போயிட்டான். அப்புறம் பார்த்தா, மூடியில அந்த எழுத்தை மட்டும் கத்தியால சுரண்டியிருக்கான்."

மாரித் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தாள். அப்பாவைப் பொய்யர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் இந்த மனுஷன். அப்படியே நினைக்கட்டும் என்று அப்பா விட்டிருக்கிறார்.

அடுத்த வாரம் அவள் ராய்ஸ் வீட்டுக்குப் போனாள். சொல்லிவிடத்தான் போனாள். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்தாள்: 'அப்பா பொய் சொல்லல மாமா, நான்தான்.' ஐந்தே வார்த்தையில் முடிகிற விஷயம் போலத்தான் இருந்தது.

"வா காலேஜ்காரி, உட்காரு" என்று ராய்ஸ் காபி ஊற்றினார். ஒரே கண்ணில் தூரம் பிடிபடவில்லை. காபி கோப்பைக்கு ஒரு விரல் தள்ளி மேசையில் விழுந்தது. அவர் சிரித்தபடி கையாலேயே துடைத்தார்.

மாரித் போனை எடுத்தாள். மூன்றாவது வரிசைப் படத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

"என்ன படம்மா? கண்ணாடி உள்ள கிடக்கு. நீயே பார்த்துச் சொல்லேன்."

அவள் பார்த்தாள். ஒவ்வொரு கூடாக, பத்தையும் பார்த்தாள்.

"அப்பாவோட மேசை மாமா" என்றாள். "சும்மாதான்."

"நல்லா வச்சிருந்தான் மேசைய" என்றார் ராய்ஸ். "அந்த ஒரு பதில் மட்டும் எனக்குப் பாக்கி வச்சுட்டான்."

அவள் போனை அணைத்துக் கோட்டுப் பையில் வைத்தாள். காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினாள்.