ஒற்றைப் பூட்ஸ்

கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நின்று கூப்பாடு போடும் பெண்மணி, மலைக்காட்டில் கூடாரம் அடித்துத் தங்கப் போவதாக அறிவித்தால் குடும்பம் சிரிக்கத்தான் செய்யும். காஜா அக்கா அவர்களைத் தாராளமாகச் சிரிக்கவிட்டாள். தையல் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

எல்லாம் ஒரு ஜிப்பில் ஆரம்பித்தது. காப்புக்காட்டுக்கு ஆட்களை நடத்திக் கூட்டிப் போகும் வழிகாட்டி ஒருவர் கிழிந்த கூடாரத்தைக் கொண்டுவந்தார். ஜிப்பை மாற்றிய அக்கா, சரியாக மூடுகிறதா என்று பார்க்கக் கடை மூலையிலேயே அதை விரித்து, உள்ளே போய் இழுத்து மூடினாள். மூடியவள் வெளியே வருவதாக இல்லை. "அந்த பேன்ட் ஆச்சா?" என்று யாரும் முகத்துக்கு நேரே கேட்க முடியாத இடம் ஒன்று உலகத்தில் இருப்பது ஐம்பத்தாறு வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது. வெளியே வந்ததும் சொன்னாள்: "அடுத்த தடவை நானும் வரேன்."

"வாங்கம்மா. ஆனா பூட்ஸ் இப்பவே வாங்கிப் போட்டுப் பழக்கிடுங்க. விறைப்பான புது பூட்ஸோட வந்தா கால் புண்ணாயிடும். கேட்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

"அட்டை கடிக்கும்டி," என்றார் கணவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"கல்யாணமான நாள்லேர்ந்து ஒண்ணு ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு. செத்தா போயிட்டேன்?"

பூட்ஸ் சமையலறையில் நடந்தது, மாடிப்படி ஏறியது, கடைக்கும் வந்தது. அங்கேதான் வினை. அந்தத் தடித்த அடிக்குக் கீழே மோட்டார் மெஷினின் பெடல் இருப்பதே தெரியவில்லை. மெஷின் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஒரு வக்கீலின் கோட்டில் கை நுனி வாய் மூடிப்போனது. அவர் போட்டுப் பார்த்தார். உள்ளே போன கை வெளியே வரவில்லை.

கடை முதலாளி அவளுடைய சொந்தத் தம்பி. இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை முதலாளியானதும் குரல் மட்டும் எப்படியோ தடித்துவிடுகிறது.

"அக்கா, ஒண்ணு பூட்ஸு, இல்ல வேலை. நீயே சொல்லு. லீவும் கிடையாது, இது சீசன்."

"லீவு யாருடா கேட்டா? போறேன்னு சொல்றேன். பூட்ஸும் கழட்ட மாட்டேன், வேலையும் விட மாட்டேன்."

"அப்ப எப்படித் தைப்பே?"

அக்கா குனிந்து வலது பூட்ஸை மட்டும் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்கால் பெடலில் ஏறியது. வக்கீல் கோட்டைப் பிரித்துத் தைத்தாள். குறை சொல்லத் தேடிய தம்பிக்கு ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. அதன்பின் கடை நேரம் முழுக்க அவள் ஒற்றைப் பூட்ஸோடு தாங்கித் தாங்கி நடந்து இஸ்திரி மேசைக்கும் மெஷினுக்கும் போய் வந்தாள். பார்த்தவர்கள் காலுக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். "கொழுப்பு" என்று தம்பி பதில் சொன்னான்.

கிளம்பும் நாள் நெருங்கியபோது வழிகாட்டி வந்து பூட்ஸ் இரண்டையும் அமுக்கிப் பார்த்தார்.

"இடது வெண்ணெய் மாதிரி இருக்கு. வலது பலகைம்மா. ஒத்தக் காலை மட்டும் எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"அப்பாடா," என்றான் தம்பி. "பேசாம வீட்ல கிட."

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். வலது பூட்ஸை மாட்டி நாடாவை இறுக்கினாள். இடதைக் கழற்றி, அந்தக் காலைப் பெடலில் வைத்தாள். பிறந்ததிலிருந்து பெடலையே தொட்டறியாத கால் அது. பழைய துணியில் போட்ட முதல் காஜா, குடித்தவன் நடை மாதிரி கோணியது. பிறகு வந்தவை கொஞ்சம் தெளிந்தன. கடை சாத்தும் முன் ஒன்று நேராகவே விழுந்தது. அந்தத் துணியைத் தம்பியின் மேசையில் விரித்து வைத்தாள்.

"அந்த வக்கீலுக்கு ஒரு போன் போடு. வேற கோட் இருந்தா கொண்டு வரச் சொல்லு."