சம்மந்திக்கு ஒரு கிளாஸ் பியர்

எல்லாம் ஒரு போன் பேச்சில் தொடங்கியது. என் பேத்தி கட்டப்போகிற பெடியனின் தகப்பன் வெள்ளைக்காரர். முதல்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சம்மதித்து, பேத்தியின் தகப்பனான என் மருமகனோடு கதைத்தார். நல்லாய்த்தான் கதைத்தாராம். கடைசியில், "நான் குடிக்கிற பியரை நானே கொண்டுவாறன், வீட்டில நானே செய்யிறது" என்று சொல்லிவிட்டார். இந்த நாட்டில் அது மரியாதை. விருந்துக்குப் போகிறவன் தன் போத்தலோடு போவான். ஆனால் பதினெட்டு வருசம் சிட்னியில் இருந்தும் என் மருமகனுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. பெண் வீட்டுக்கு முதல்முதல் வருகிற மனுசன், குடிக்கிறதைக் கையில் தூக்கிக்கொண்டு வருவதா?

"ஒண்டும் கொண்டு வராதேங்கோ" என்று இங்கிலீசில் சொன்னார் மருமகன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நானும் வீட்டில பியர் செய்யிறனான். பைப்பைத் திறந்தால் வரும்" என்றும் சொல்லிவிட்டார்.

மருமகன் பியர் குடிக்கிற ஆளே இல்லை. நத்தார் பண்டிகைக்கு அரைக் கிளாஸ் வைன் குடித்தாலே காது சிவந்து பாட ஆரம்பித்துவிடுவார்.

பேத்தி குசினி வாசலில் நின்று தலையில் கைவைத்தாள். "அப்பா, வொய்? அவரிட்ட பொய் சொல்லக் கூடாது. ஒரு படகு வித்த விசயத்தில பொய் சொன்னதுக்காகச் சொந்தத் தம்பியோடயே ஆறு வருசமாக் கதைக்கிறேல்ல அவர்!"

"அப்ப உண்மையாக்கிப் போடுவம்" என்றார் மருமகன்.

"எப்பிடி?" என்றாள் என் மகள்.

"விருந்துக்கு இன்னும் ஒரு மாசம், நாலு கிழமை கிடக்குத்தானே."

மகள் கரண்டியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். பேத்தி அழுதாள். அந்தப் பெடியனை எனக்குப் பிடிக்கும். வந்தால் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைப்பான், நான் போட்டதெல்லாம் சாப்பிடுவான். பெற்றவர்கள் இரண்டு பக்கமும் முகம் பார்த்து, கோயிலில் நாள் எடுப்பதுதான் மிச்சமாக இருந்தது. அது ஒரு பியரில் போய்விடும்போல இருந்தது.

பியர் செய்வது நான் நினைத்ததுபோல இல்லை. லேசு. மருமகன் ஒரு பெரிய தகரத்தில் கறுப்பாய், சீனிப்பாணி மாதிரி ஒன்று வாங்கிவந்தார். அதைச் சுடுதண்ணீரில் கரைத்து, சீனி போட்டு, ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் நிறைத்து, மேலே ஈஸ்ட் தூவினார். மூடியில் வளைந்த ஒரு குழாய், அதற்குள் கொஞ்சம் தண்ணீர். பொங்கினால் அதற்குள் குமிழி வரும் என்றார். இரண்டு நாள் பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. இங்கத்தை யூலை மாதக் குளிரில் என்ன பொங்கும்? தோசை மாவே பொங்காது. நான் என் கம்பளியைக் கொண்டுபோய்ப் பீப்பாயைச் சுற்றி, மேலே என் பழைய சுவெற்றரையும் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் குளுக் என்றது. நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். குளுக். பிறகும் குளுக். செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை குமிழி என்று எண்ணியிருக்கிறேன், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

அதுவரைக்கும் சந்தோசம்தான். கஷ்டம் ஃபிரிட்ஜில் வந்தது.

பியரை உருளை மாதிரி ஒரு பெரிய இரும்புக் கானில் அடைத்து, காஸ் போத்தல் பூட்டி, ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜில் ஓட்டை போட்டு வெளியே பைப் பூட்ட வேண்டும். கராஜில் நிற்கிற இரண்டாவது ஃபிரிட்ஜ் என்னுடையது. மீனும் இறைச்சியும் வைக்கிறது. நான் எல்லாவற்றையும் எடுத்து, வீட்டுக்குள் இருக்கிற ஃபிரிட்ஜில் திணித்துவிட்டு, "எடுத்துக்கொள்ளுங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஃபிரிட்ஜைப் பற்றி எனக்கு மட்டும் ஒன்று தெரியும். அதன் வலப்பக்கம், என் இடுப்பளவு உயரத்தில், எப்போதும் சூடு. குளிர்காலத்தில் தோசை மாவுச் சட்டியை அங்கே ஒரு ஸ்டூலில் வைத்து ஒட்டித் தள்ளிவிடுவேன், விடியப் பொங்கியிருக்கும். கராஜில் சாப்பாட்டுச் சாமான் வைக்கக்கூடாது, எலி வரும் என்று மகள் சண்டை பிடிப்பாள். அதனால் யாருக்கும் சொன்னதில்லை. மகள் கராஜுக்கு வந்தால் சட்டிக்கு மேலே துவாயைப் போட்டு மூடிவிடுவேன்.

விருந்துக்குப் பத்து நாள் இருந்தது. மருமகன் டிறிலோடு வந்து, சரியாக அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். நான் ஸ்டூலை மெல்ல நகர்த்தினேன். சட்டி வைக்க இனி இடமில்லையே என்றுதான் எனக்குக் கவலை. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வாயைத் திறந்திருந்தால் எல்லாம் தப்பியிருக்கும்.

டிறில் உள்ளே போனது. பாம்பு சீறினதுபோல ஒரு சத்தம். மருமகன் பின்னால் பாய்ந்து கராஜ் கதவை மேலே தூக்கினார். "வெளிய வாங்கோ மாமி! வெளிய வாங்கோ!"

நாங்கள் இரண்டுபேரும் கராஜுக்கு முன்னால் டிறைவேயில் நின்று பார்த்தோம். சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிட்டது. காஸ் எல்லாம் போய், ஃபிரிட்ஜ் செத்துவிட்டது.

"உள்ளுக்குப் பைப் ஓடுது போல. சூட்டுப் பைப்" என்றார். "பக்கத்தில ஓடும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். சட்டி, ஸ்டூல், துவாய் எல்லாம் சொன்னேன். அவர் டிறைவேயில் அப்படியே குந்திவிட்டார்.

"மாமி" என்றார், "நீங்கள் அதில மா வைச்சனீங்களோ?"

"ஓம் தம்பி."

"எத்தினை வருசமா?"

"வந்த நாள் தொடக்கம்."

சிரிப்பாரா அழுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நான் கெடுத்தது, நான்தான் தேட வேண்டும். சிட்னியில் நாங்கள் இருக்கிற லிட்கம் பக்கம் அந்தக் கிழமை வேண்டாத சாமான்களை நடைபாதையில் போடுகிற கிழமை. கவுன்சில் லொறி வந்து ஏற்றும்வரை மெத்தை, மேசை, ரிவி எல்லாம் ரோட்டோரம் கிடக்கும். காலையில் சப்பாத்துப் போட்டு, சேலைக்கு மேலே ஜக்கெற் போட்டு, தெருத் தெருவாக நடந்தேன். முதல் நாள் ஒரு ஃபிரிட்ஜ் கண்டேன், கதவு இல்லை. இரண்டாம் நாள் ஒன்று, அதன் வயரை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள், ரெயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் ஒன்று நின்றது. உயரமான, பழைய வெள்ளை ஃபிரிட்ஜ். வயர் சுருட்டி ஒட்டியிருந்தது. கதவில் ஒரு கடதாசி, அதில் பெரிதாக என்னவோ எழுதியிருந்தது. எனக்கு எந்த எழுத்தும் வாசிக்க வராது. போனில் பேத்தியின் படத்தை அமத்தினேன்.

"அம்மம்மா, ஐம் அட் வேர்க்."

"பிள்ளை, ஒரு ஃபிரிட்ஜ் நிக்குது. கடதாசி ஒட்டியிருக்கு."

"ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கோ."

"அது எனக்குத் தெரியாதே, குஞ்சு."

பேத்தி வீடியோ கோல் எடுத்தாள். நான் போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன். முதலில் என் மூக்கைத்தான் கண்டாளாம். பிறகு கத்தினாள். "வேலை செய்யுது எண்டு எழுதியிருக்கு! அங்கேயே நில்லுங்கோ, அப்பாவை அனுப்புறன்!"

நின்றேன். கால் நோக, பக்கத்தில் எறிந்து கிடந்த ஒரு கதிரையை இழுத்து ஃபிரிட்ஜுக்கு முன்னால் போட்டு இருந்தேன். ஒரு பெரிய வாகனம் மெல்ல வந்து நின்றது. பின்னால் பழைய இரும்பெல்லாம் ஏற்றியிருந்தது. ஒருத்தன் இறங்கி ஃபிரிட்ஜை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். நான் எழும்பி ஃபிரிட்ஜில் முதுகை ஒட்டி நின்று, இரண்டு கையையும் விரித்தேன்.

"மை ஃபிரிட்ஜ்" என்றேன்.

அவன் என்னவோ கேட்டான். நான் தலையை ஆட்டினேன். "மை ஃபிரிட்ஜ். மை கிராண்ட்டோட்டர் மரீங்." எனக்குத் தெரிந்த இங்கிலீசு அவ்வளவும் அதில் முடிந்துவிட்டது. அவன் ஃபிரிட்ஜைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொப்பியைத் தூக்கி ஒரு வணக்கம் மாதிரி வைத்துவிட்டுப் போய்விட்டான். கல்யாணத்துக்கு இப்படியும் சீதனம் கொடுப்பார்கள் என்று நினைத்திருப்பான்.

மருமகன் வேலைத்தலத்துத் தள்ளுவண்டியோடு வந்தார். படுக்கப் போடாமல், நிமிர்த்தியபடியே, எட்டுத் தெரு தள்ளிக்கொண்டு வந்தோம். கராஜில் பூட்டி, ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, இந்த முறை டிறிலைத் தொட முதல் நான் போய் நாலு பக்கமும் கையால் தடவினேன். வலம் குளிர். இடம் குளிர். முன்கதவு குளிர். பின்னால் மட்டும், கறுப்புக் கம்பி வலையில், சூடு.

"கதவில போடுங்கோ தம்பி" என்றேன்.

"இன்னொருக்காத் தடவுங்கோ மாமி."

இன்னொருதரம் தடவினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு துளைத்தார். சீறல் எதுவும் வரவில்லை. வெண்கல நிறத்தில் ஒரு பைப் கதவில் ஏறியது. உள்ளே கானிலிருந்து ஒரு சின்னக் குழாய். நீளமாகத் தொங்கினால் வடிவில்லை என்று மருமகன் அதை ஒரு முழத்துக்கு வெட்டிப் பூட்டினார். பியரில் காஸ் ஏற இன்னும் ஒரு கிழமை வேண்டுமாம். எங்களிடம் ஆறு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து வாசலைக் கூட்டிக்கொண்டு நிற்க, வந்துவிட்டார்கள். பெடியனின் தகப்பன் பெரிய உடம்பு, கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்தது. சொன்னபடி வெறும் கையோடு வந்தார். தாய் மட்டும் ஒரு பெரிய கிண்ணத்தில் சலாட் கொண்டுவந்தா.

மகள் குசினிக்குள் வந்து என் காதில், "நாங்கள் சாப்பாடு போடமாட்டம் எண்டு நினைச்சவையோ?" என்றாள்.

"சும்மா இரு. ரோசப்பட்டுச் சொல்ல இன்னொரு பொய்க்கு இடமில்லை" என்றேன்.

மருமகன் எல்லோரையும் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் ஃபிரிட்ஜைத் துடைத்து, மேலே மாதா சுருவம் வைக்கிறதுபோல ஒரு பூச்சாடியும் வைத்திருந்தேன். மருமகன் கிளாஸைப் பிடித்துப் பைப்பை இழுத்தார். நுரை வந்தது. கிளாஸ் நிறைய நுரை, அடியில் இரண்டு விரல் பியர். அதை வைத்துவிட்டு இன்னொரு கிளாஸ். அதுவும் நுரை. மூன்றாவது. நுரை தரையில் வழிந்து என் செருப்புவரைக்கும் வந்தது.

சம்மந்தி ஒரு கேள்வி கேட்டார். பேத்தி எனக்குத் தமிழில் சொன்னாள்: "அப்பா எவ்வளவு காலமா பியர் செய்யிறார் எண்டு கேக்கிறார்."

மருமகன் வாயைத் திறந்தார். அந்த வாயை எனக்குத் தெரியும். இன்னொரு பொய் வந்துகொண்டிருந்தது. நான் முந்திக்கொண்டு நாலு விரலைக் காட்டிவிட்டேன்.

சம்மந்தி என் விரல்களைப் பார்த்துவிட்டுப் பேத்தியைப் பார்த்தார். நாலு வருசம் என்று அவள் சொல்லியிருக்கலாம். தகப்பன் தப்பியிருப்பார். அவள் ஒரு மூச்சு எடுத்து, "ஃபோர் வீக்ஸ்" என்றாள். "நீங்கள் போன் எடுத்த நாளிலயிருந்து" என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பெடியன் அவள் கையைப் பிடித்தான்.

சம்மந்தி நுரைக் கிளாஸை எடுத்து மெல்ல மெல்லக் குடித்து முடித்தார். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்தார். அந்தச் சின்னக் குழாயை இரண்டு விரலால் பிடித்தார். தன் இரண்டு கையையும் அகல விரித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். கதவைச் சாத்தினார். சாப்பாட்டு மேசையில் நண்டுக்கறியை இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டார், ஆனால் கல்யாண நாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. போகும்போது மருமகனின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

"சரி, முடிஞ்சுது" என்றார் மருமகன். "கையை விரிச்சுக் காட்டினவர்தானே. இனி ஒண்டும் இல்லை எண்டு."

அந்தக் கிழமை எங்கள் வீடு செத்த வீடு மாதிரிக் கிடந்தது. பெடியனிடம் கேட்டால், "டாட் ஒன்றும் சொல்லவில்லை" என்றானாம். பேத்தி சாப்பிடவில்லை. மருமகன் கராஜ் பக்கமே போகவில்லை. நான் மட்டும் போய், அந்தப் பழைய ஃபிரிட்ஜின் பின்பக்கச் சூட்டில் மாவுச் சட்டியை வைத்துவிட்டு, வேண்டிக்கொண்டு இருந்தேன்.

சனிக்கிழமை காலை வாசலில் மணி அடித்தது. திறந்தால் சம்மந்தி. தனியாக. முன்கூட்டிப் போன் எடுக்கவில்லை, ஒன்றுமில்லை. ஒரு கையில் சுருட்டிய தெளிந்த குழாய், அவர் விரித்துக் காட்டின அளவுக்கும் கூட இருக்கும். மற்றக் கையில் ஒரு சாவி, நட்டு கழற்றுகிறது. வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். மகன் சொல்லிக் கொடுத்திருப்பான்.

இரண்டுபேரும் கராஜில் முழங்காலில் இருந்து, பழைய குழாயைக் கழற்றிப் புதியதைச் சுருள் சுருளாகப் பூட்டினார்கள். நீளமாக இருந்தால்தான் பியர் ஆறுதலாக வருமாம், நுரைக்காதாம். காஸ் அளக்கிற முள்ளையும் கொஞ்சம் கீழே இறக்கினார். பைப்பை இழுத்தார்கள். மஞ்சளாய், தெளிவாய், மேலே ஒரு விரல் நுரையோடு கிளாஸ் நிறைந்தது. மருமகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சம்மந்தி என்னவோ சொன்னார். மருமகன் என் பக்கம் திரும்பினார்.

"என்னவாம் தம்பி?"

"கல்யாணத்துக்கு எத்தினை கான் காணும் எண்டு கேக்கிறார், மாமி."

நான் பதில் சொல்ல முதல் சம்மந்தி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, என் மாவுச் சட்டியைக் கண்டு, துவாயைத் தூக்கி மணந்து பார்த்தார். பொங்கி விளிம்புவரை வந்திருந்தது. பெரிய மனுசன், அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். நான் உள்ளே போய்த் தோசைக் கல்லை அடுப்பில் வைத்தேன்.