பெட்டிக்குள் வெயில்

என்னோடு வேலை பார்ப்பவள், காலையில் கைப்பையை இறக்கி வைக்கும் முன்பே ஆற்றோரப் பம்பு நிலையத்தின் சுவிட்சைத் திரையில் திறந்துவிடுவாள். விளக்குப் போடுகிற சுவிட்ச் அல்ல. அங்குள்ள பம்புகளையும் மீட்டர்களையும் கேபிள் வழியே எங்கள் குடிநீர் அலுவலகத்தோடு இணைக்கும் கருவி, இரும்புப் பெட்டிக்குள் இருப்பது. இப்படிப் பதினொன்று அவள் பொறுப்பில். ஒவ்வோர் இணைப்புக்கும் திரையில் ஒரு புள்ளி. பச்சை என்றால் நலம். அவளுக்கே 'பச்சைப்புள்ளி' என்று பெயராகிவிட்டது.

மற்ற சுவிட்சுகளில் புள்ளியைப் பார்ப்பாள். ஆற்றோரத்துச் சுவிட்சில் மட்டும், அது அனுப்பும் வெப்ப அளவையும் பார்ப்பாள். அங்கே பம்பு இயக்குபவர் அவள் கணவர். மாதத்துக்கு இரண்டு முறைதான் வீடு. செல்போன் பேச மேட்டில் ஏறி நிற்க வேண்டும்.

"இன்னைக்கு அறுபத்தொண்ணு சார். மனுஷன் வெந்திருப்பாரு."

அது பெட்டிக்குள் இருக்கும் சூடு, வெளியே பாதிதான் இருக்கும் என்பேன். பாதி போதாதா என்பாள். எண் சட்டென்று இறங்கினால் அங்கே மழை. குடை எடுத்துப் போனாரோ என்று, நீர்மட்டக் கணக்கு எழுதும் என்னிடம் விசாரிப்பாள்.

இந்த வருடம் ஒரு வழி பிறந்தது. ஆற்றோரப் பம்பை இங்கிருந்தே இயக்கிப் பார்ப்பது. ஒரு மாதம் இணைப்பு அறுபடாமல் நின்றால் அங்கே ஆள் வேண்டாம், கணவருக்கு இங்கேயே வேலை. அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அவள் வீட்டில் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டாள். அவருக்குக் காற்று வேண்டுமாம்.

நான்காவது வாரமும் முடிந்தது, மாதம் நிறைய இன்னும் இரண்டே நாள். மறுநாள் மதியம் ஆற்றோரப் புள்ளிகள் எல்லாம் ஒன்றாகச் சிவந்தன. மூன்று நிமிடத்தில் பச்சைக்குத் திரும்பின. மேட்டிலிருந்து கணவர் கூப்பிட்டதும் செல்போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

சூட்டில் சுவிட்ச் நின்றுபோனால் வீட்டுக்கு வர முடியாதே என்று பயந்து, தன் மேஜை விசிறியைப் பெட்டிக்கு முன்னால் வைத்திருக்கிறார் கணவர். விசிறியைச் செருக இடம் வேண்டி, ஏற்கெனவே இருந்த ஒரு பிளக்கைப் பிடுங்கினார். அது சுவிட்சுடையது.

"அது எழுபத்தஞ்சு டிகிரி தாங்குங்க. அதுக்கு எதுக்குக் காத்து?"

"நீதானே வாய் ஓயாம எவ்ளோ சூடு, எவ்ளோ சூடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தே."

"உங்களுக்காகத்தானே கேட்டேன்."

எதிர்முனையில் காற்று இரைந்தது. மூன்று நிமிடத்தை யார் பார்க்கப் போகிறார்கள், தான் வந்துவிட்டால் பிடுங்கவும் ஆள் இருக்காதே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"இதே சாக்கை வேற யாராவது சொன்னா நான் விடுவேனாங்க?"

செல்போனை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள். சுவர்ப்பலகையில் இருந்த சோதனை தொடங்கிய தேதியை உள்ளங்கையால் துடைத்தாள். அன்றைய தேதியை எழுதினாள். திரும்பி வந்து ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"சாப்டீங்களா?"