ஹெலன் சொன்ன சாட்சி

மாதனூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஹெலனுக்கு இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் வேலை. தையல் விட்ட இடத்தில் பாலிஷைத் தடவி மறைத்து அனுப்புகிற சாமர்த்தியசாலிகள் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. ஹெலனிடம் மட்டும் அவர்கள் வாலாட்ட மாட்டார்கள். கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவாள், ஜோடியைத் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவாள். சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் பருப்பு வேகாது.

அப்பேர்ப்பட்டவளைத்தான் ஐம்பத்தோராவது வயதில் குடும்பமே சேர்ந்து ஏமாற்றப் பார்த்தது.

வயிற்றுவலி என்று வேலூருக்குக் காட்டப் போனார்கள். ஸ்கேன் முடிந்ததும் அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கணவன் இன்பராஜ் மட்டும் உள்ளே போனான். வரும்போது முகம் கழுவிக்கொண்டு வந்தான். "ஒண்ணுமில்ல, அல்சர் மாதிரி" என்றான். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த ஈர முகம் போதாதா? அடுத்த முறை அவன் மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரம் பார்த்து, டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள். கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது. நாலு மாதம், ஜாஸ்தி போனால் ஆறு.

பயந்தாள், அதில் சந்தேகமே வேண்டாம். திரும்பி வந்த பஸ்ஸில் டிக்கெட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டே வந்தாள். செத்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று சிறு வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் சபையோடு சேர்ந்து சொல்லி வந்தவள் அவள். அத்தனை வருஷம் சொன்னது சும்மாவா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். சும்மா இல்லை என்றுதான் பதில் வந்தது. ஆனாலும் பயம் போகவில்லை.

அன்று மாலையே பேச்செடுத்தாள். "எனக்கு எல்லாம் தெரியும்ங்க. நாம கொஞ்சம் பேசணும்."

"அவிசுவாசமா பேசாத ஹெலன்" என்று இன்பராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு எப்போது வாயைத் திறந்தாலும் இதே கதைதான். சென்னையில் வேலை பார்க்கும் மகள் பிரிசில்லா தினமும் போனில் "நல்லாயிடும்மா" என்றாள். கூட வேலை செய்யும் மஹ்பூபி ஒருத்திதான், வந்ததும் வராததுமாகக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். அன்றைக்குத்தான் ஹெலனுக்குச் சோறு இறங்கியது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. போவதற்கு முன் புருஷனிடம் விடைபெற வேண்டும். நீ போகவே போவதில்லை என்று சாதிக்கிறவனிடம் எப்படி விடைபெறுவது?

இதற்கிடையில் இன்பராஜ் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டான். குணமாவதற்கு முன்பே குணமானதாக நன்றி சொல்லிவிட்டால் கர்த்தர் தட்டமாட்டார் என்பது அவன் நினைப்பு. பிரியாணிக்கும் சொல்லியாயிற்று. பாட்டும் ஜெபமும் முடிந்து, "இப்ப சகோதரி சாட்சி சொல்வாங்க" என்று, கர்த்தர் குணமாக்கியதை அவள் வாயாலேயே சபை கேட்கட்டும் என பாஸ்டர் மைக்கை நீட்டினார்.

"டாக்டர் நாலு மாசம்னாங்க. அதுல ஒண்ணு போய்ட்டுது" என்று ஆரம்பித்தாள் ஹெலன். "கர்த்தர் சொகம் குடுத்தா வேணாம்னா சொல்லப் போறேன்? ஆனா நான் சாவப் போறேன்னுதான் எனக்குத் தோணுது. அதைச் சொன்னா அவிசுவாசம்ங்கறாங்க. செத்தாத்தானே உயிரோட எழுந்திருக்க முடியும்? அதைத்தான் நான் நம்பிக்கினு இருக்கேன். வலி கம்மியா இருக்கணும்னு ஜெபம் பண்ணுங்க. இவருக்காகவும் பண்ணுங்க. தனியா இருக்கப் போறது இவருதான்."

ஆமென் சொல்வதா வேண்டாமா என்று கூட்டம் திருதிருவென்று விழித்தது. கடைசியில் பாஸ்டரே மெல்ல "ஆமென்" என்றார்.

இன்பராஜ் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விட்டான். ஹெலன் சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனாள்.

"எல்லார் முன்னாடியும் இப்பிடிச் சொல்லிட்டியே."

"உங்க கிட்டதான் மொதல்ல சொல்ல வந்தேன். நீங்க செருப்பை மாட்டினு போய்ட்டீங்க."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உதடு துடித்தது.

"அழணும்னா இப்பவே அழுதுடுங்க" என்றாள் ஹெலன். "அப்புறம் அழுதா தொடைச்சு விட நான் இருக்க மாட்டேன்."

அழுதான். வாசலில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. ஹெலன் அவசரப்படாமல் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பிறகு அவர்கள் எல்லாவற்றையும் பேசினார்கள். பிரிசில்லாவின் கல்யாணம், அடக்கத்துக்கு எந்தப் புடவை, என்ன பாட்டு என்று ஒன்றையும் விடவில்லை. பாட்டு விஷயத்தில் சண்டையே வந்தது. நாலு மாதம் ஐந்தாகி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இன்பராஜ் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது அவள் போய்ச் சேர்ந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடப் போகும் நேரம். "கடைசியா ஒரு தடவை பாத்துக்கப்பா" என்றார் சபைப் பெரியவர் ஒருவர்.

இன்பராஜ் குனிந்து அவள் நெற்றியைத் தொட்டான்.

"இது கடைசி இல்லண்ணே" என்றான். "மூடுங்க."